நன்றிக்கு ஒரு மொய் நோட்டு: டர்பன் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டுக்கு நாங்கள் குடிவந்தது 2022 பிப்ரவரியில். பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் ஏப்ரல் மழை வந்துவிட்டது. 11, 12 தேதிகளில் எங்கள் மாகாணமான குவாசூலு-நடாலைப் புரட்டிப்போட்ட அந்த வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் சேதமடைந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது; தண்ணீர் திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று. லாரித் தண்ணீருக்கு எங்கே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் பச்சை ஜோஜோ டேங்கிலிருந்து தினமும் இருபத்தைந்து லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி, நடுச்சுவர் ஓரம் வைத்துவிட்டுப் போவார். கூப்பிட்டுச் சொல்லக்கூட மாட்டார்.

ஒரு மாதம் கழித்து நான் ஐந்நூறு ராண்டை உறையில் போட்டு அவரிடம் நீட்டினேன். ஆன்ட்டி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மகளே, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ" என்றார். மறுநாளும் கேன் வந்தது. பேச்சு மட்டும் நான்கு நாள் வரவில்லை.

அதே ஆண்டில் ஒரு நர்சுக்குப் பரிசு கொடுக்கப் போய்த் திட்டு வாங்கினேன். ஒரு போக்குவரத்து அதிகாரியிடம் நன்றியாக நான் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டு என் கணவருக்கு வேர்த்துவிட்டது. விசாவுக்கும் வங்கிக் கணக்குக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உதவி செய்தவருக்கு எப்படி, எப்போது, எதைக் கொண்டு நன்றி சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று ஆண்டுகளில் நான் இடறி விழுந்து கற்றதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் நேராக நடங்கள்.

1. முதல் வாரமே ஒரு நோட்டு போடுங்கள்

நம் ஊரில் கல்யாண வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள்: தேதி, யார், என்ன செய்தார், அவரை எப்படி அழைக்க வேண்டும், யாருடைய பாத்திரம் யாரிடம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைப் படித்துச் சிரிக்காதீர்கள். ஏழாவது படியில் அதன் அருமை தெரியும்.

மொய் நோட்டில் இருக்கிற ஒரு கட்டத்தை மட்டும் இங்கே போடாதீர்கள்: தொகை. நான் முதலில் அதையும் போட்டேன். "தண்ணீர், 30 நாள், லிட்டருக்கு இவ்வளவு" என்று கணக்குப் பார்த்ததன் விளைவுதான் அந்த ஐந்நூறு ராண்ட் உறை. தொகை எழுதினால் கை தானாகக் கடனை அடைக்கப் போய்விடும். ஆன்ட்டி எனக்குத் தண்ணீர் விற்கவில்லையே.

அன்றைய உதவியை அன்றிரவே எழுதுங்கள். புது ஊரில் முகங்கள் குழம்பும். வீட்டுச் சாவி தொலைந்த அன்று பூட்டைத் திறந்து கொடுத்த மனிதர் யாரென்று எழுதாமல் விட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு கடை வரிசையில் அவரே என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் யாரோ என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

2. கேள்விக்கு முன் வணக்கம்

செலவு: பத்து வினாடி. ஆவணம்: ஏதும் வேண்டாம். ஆனாலும் நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கடையில் பொருட்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நேராகப் போய், "சர்க்கரை எங்கே?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார். "சாவுபோனா, மாமா" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நின்றார். நான் பதில் வணக்கம் சொன்ன பிறகுதான் சர்க்கரை எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது. ஜூலு மொழியில் 'மாமா' என்றால் அம்மா. எனக்கு அது தெரிய இன்னொரு வாரம் ஆயிற்று, அதுவரை கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

'சாவுபோனா' என்பதற்கு 'உன்னைப் பார்க்கிறோம்' என்று பொருள். ஒருவரிடம் சாவுபோனா, பலரிடம் சனிபொனானி. பதிலுக்கு யேபோ. அடுத்து 'உஞ்சானி?' என்று நலம் கேட்பார்கள். 'ங்கிகோனா' என்றால் நலமாக இருக்கிறேன். நன்றிக்கு 'ங்கியாபோங்கா', நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து சொல்வதானால் 'சியாபோங்கா'. அரிச்சுவடியோடு நாம் கைவிட்டுவிட்ட 'ங'வை இங்கே நாளுக்குப் பத்து முறை எடுக்க வேண்டியிருக்கிறது. மூக்கிலிருந்து தொடங்கிக் 'கி'யை அழுத்திச் சொல்லுங்கள், சரியாக வந்துவிடும்.

வயதான பெண்ணை கோகோ என்றும், ஆணை பாபா என்றும் அழைக்கலாம். எதையும் கொடுக்கும்போது வலது கையால் கொடுங்கள், இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி இருக்கட்டும். வாங்கும்போது இரண்டு கைகள். கோவிலில் பிரசாதம் வாங்கிய கைகளுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒற்றைக் கையால் பிடுங்குவதுபோல் மீதிச் சில்லறையை வாங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

டொங்காட், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் நம் வழியினரைப் பார்த்தால், வயதில் மூத்தவர் எல்லாரும் ஆன்ட்டி, அங்கிள்தான். பெயரில் பிள்ளை, நாயுடு, கவுண்டர் என்று இருக்கும். தமிழ் பேச வராது. பலர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். "தமிழே தெரியாதா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி அவர்களுக்கு எங்கே போய்க் குத்துகிறது என்பதைப் பார்த்துமிருக்கிறேன்.

3. நாற்பது நாணயங்கள்

மாதத் தொடக்கத்தில் இருநூறு ராண்டை ஐந்து ராண்ட் நாணயங்களாக மாற்றிக்கொள்ளுங்கள். நாற்பது நாணயம் வரும். காரில் கைக்கெட்டும் சிறு டப்பாவில் போட்டுவையுங்கள். தெருவில் நின்று பர்சைத் திறந்து தேடுவது உங்களுக்கும் பாதுகாப்பில்லை, காத்து நிற்பவருக்கும் மரியாதையில்லை.

கடை வாசல்களில் ஒளிரும் மேலங்கி அணிந்து காரைக் காவல் காப்பவர்களுக்குப் பல இடங்களில் சம்பளமே கிடையாது. நீங்கள் கொடுப்பதுதான் வருமானம். திரும்பி வந்து காரை எடுக்கும்போது கொடுப்பதுதான் வழக்கம். வந்து இறங்கியதுமே கேட்டால், "போகும்போது" என்று சொல்லிச் சிரியுங்கள், பிறகு மறக்காதீர்கள். ஐந்து ராண்ட் சரியான தொகை. இரவானால், மழையானால் பத்து. டர்பனில் இவர்களில் பலர் காங்கோவிலிருந்து வந்தவர்கள், பிரெஞ்சு பேசுவார்கள். 'மெர்சி' என்றால் முகம் மலரும். புதுச்சேரிக்காரர்களுக்கு இது கூடுதல் வசதி.

பெட்ரோல் பங்கில் இறங்கி நீங்களே குழாயைத் தொடாதீர்கள். நிரப்புவது அங்கே நிற்பவரின் வேலை. வெறுமனே நிரப்பினால் ஐந்து. கண்ணாடியைத் துடைத்து, டயரில் காற்றும் பார்த்தால் பத்து. கட்டணத்தைக் கார்டில் கட்டினாலும் இதை நாணயமாகக் கையில் கொடுத்துவிடுங்கள். உணவகத்தில் பில்லில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை. பெரிய குழுவாகப் போனால் சில இடங்களில் அதை பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள்; படித்துப் பார்த்துக் கொடுங்கள்.

சிக்னலை இங்கே ரோபோ என்கிறார்கள். ரோபோவில் கை நீட்டுபவர்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று எல்லார் வீட்டிலும் ஒரு சண்டை உண்டு. எங்கள் வீட்டில் ஒத்துக்கொண்ட முடிவு: பகலில், கண்ணாடியைச் சிறிது இறக்கி, ஒரு ஆப்பிளோ ஆரஞ்சோ. இரவில் கண்ணாடி இறங்காது.

4. மினிபஸ் டாக்ஸியில் ஓட்டுநர் பக்கத்து இருக்கை

சின்ன படி, ஆனால் முதல் நாளே உதவும். டாக்ஸியில் கட்டணம் பின்வரிசையிலிருந்து கைமாறி முன்னால் வரும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் கணக்கப்பிள்ளை: வாங்கி, எண்ணி, சில்லறை பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காற்று வாங்கலாம் என்று முன்னால் ஏறி, பதினைந்து பேரின் சில்லறையைப் பிசகவிட்டு, எல்லாருடைய முறைப்பையும் வாங்கியவள் சொல்கிறேன்: முதல் மாதம் பின்னால் உட்காருங்கள். பெரிய தாளைக் கொடுக்காதீர்கள், தோளைத் தட்டுபவரின் காசைத் தயங்காமல் வாங்கி முன்னே கொடுங்கள். அதற்குள் அடங்கியிருக்கிற நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல.

5. வீட்டு வேலைக்கு வருபவர்: முதலில் சம்பளம், பிறகு அன்பளிப்பு

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்றதெல்லாம் செய்து இதில் தவறினால், நோட்டில் எழுதிய அத்தனையும் வெறும் மை.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, விளிம்பு உதிர்ந்த ஒரு நீல எனாமல் குவளையும் தட்டும் தனியாக இருந்தன. யாருடையது என்று கேட்டேன். முந்தைய குடித்தனக்காரர்கள் வேலைக்கு வந்த பெண்ணுக்காக வைத்திருந்தது என்றார் வீட்டின் சொந்தக்காரர், கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்வதுபோல. தஞ்சாவூர்ப் பக்கம் தேநீர்க் கடையில் தனிக் குவளை தொங்கியதைப் பார்த்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதல் வேலையாக அந்தக் குவளையை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். நீங்கள் குடிக்கிற கோப்பையில் அவருக்கும் தேநீர். அவருக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

இனி தொகை. 2025 மார்ச் 1 அன்று குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 28.79 ராண்டாக உயர்த்தினார்கள். வீட்டு வேலைக்கும் இதுதான். எட்டு மணி நேர நாளுக்கு அப்போது 230.32 ராண்ட் ஆயிற்று. பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் இது உயரும். அந்த மாதமே நீங்களும் உயர்த்துங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்து அனுப்பினாலும் நான்கு மணி நேரச் சம்பளம் தர வேண்டும். "பக்கத்து வீட்டில் இதைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள்" என்று சொல்ல உடனே ஒருவர் வருவார். அவர் பெரும்பாலும் நம்மவராகத்தான் இருப்பார்.

தாள்கள்: வேலை நேரம், சம்பளம், விடுப்பு எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவருடைய அடையாள அட்டையின் நகல், ஒவ்வொரு சம்பள நாளிலும் சம்பளச் சீட்டு. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில், அதாவது யு.ஐ.எஃப்-இல், பதிய வேண்டும். வாரம் ஒரே நாள் எட்டு மணி நேரம் வந்தாலே மாதம் 32 ஆகிவிடுகிறது, கவனியுங்கள். பதிவதற்கு யு.ஐ.-8டி, யு.ஐ.-19 என்று இரண்டு படிவங்கள், இணையத்திலும் செய்யலாம். சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று நீங்கள், ஒன்று அவர். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அவருடைய பங்கையும் நாங்களே போட்டுவிடுகிறோம், தொகை அவ்வளவு சிறியது. ஒரு மாலை உட்கார்ந்தால் முடிகிற வேலைக்கு நாங்கள் எட்டு மாதம் எடுத்துக்கொண்டோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அந்த எட்டு மாதமும் பொங்கலுக்கும் பிறந்த நாளுக்கும் அவருக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பொறிகள் மூன்று. பழைய துணியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துத் தொகையைக் குறைப்பது: கூடாது. துணி கொடுப்பதானால் வேறொரு நாள், துவைத்து மடித்து, "உங்கள் வீட்டில் யாருக்காவது ஆகுமா?" என்று கேட்டு. இரண்டாவது, ஆண்டு இறுதி போனஸ். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் டிசம்பர் 24ஆம் தேதி கொடுத்துப் பயனில்லை. 16ஆம் தேதி பொது விடுமுறை. அதை ஒட்டியே பலர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்தால்தான் பிள்ளைகளுக்குத் துணியும் ஜனவரிப் பள்ளிச் சீருடையும் வாங்க முடியும்.

மூன்றாவது, பெயர். என் அம்மா வயதுடைய அவரை முதல் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இங்கே மணமான பெண்களைப் பிறந்த குலப்பெயரின் முன் 'மா' சேர்த்து அழைப்பது மரியாதை. உங்களை எப்படி அழைக்கட்டும் என்று கேட்டபோது, கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குலப்பெயரைச் சொல்லி, நான் சரியாக உச்சரிக்கும்வரை மூன்று முறை சொல்லவைத்தார். உச்சரிப்பு வந்த பிறகுதான் பெட்டி மறுபடி துணிமேல் ஓடியது.

அவர் வீட்டில் சாவு என்றால் கேள்வி கேட்காமல் அனுப்புங்கள். வாரம் நான்கு நாளாவது வேலை செய்பவருக்கு, நான்கு மாதம் கடந்தபின், ஆண்டுக்கு ஐந்து நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு சட்டப்படியே உண்டு. அதற்குக் குறைவாக வருபவர் வீட்டிலும் சாவு சாவுதான்.

6. நர்ஸ், அதிகாரி, போலீஸ்: பொருள் வேண்டாம், தாள் போதும்

என் மகனுக்கு நிமோனியா வந்து அரசு மருத்துவமனையில் ஐந்து இரவு இருந்தோம். மூன்றாம் இரவு அவனுக்கு மூச்சு வாங்கியபோது, ஒரு நர்ஸ் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு விடியும்வரை அவன் நெற்றியில் கை வைத்திருந்தார். வீடு திரும்பியதும் ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுச் சால்வை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பையைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார். வார்டு சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவருக்கு நல்லது செய்ய நினைக்கிறீர்களா, விசாரணைக்கு அனுப்ப நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். அரசு ஊழியர் வேலைக்காகப் பரிசு வாங்குவது இங்கே ஒழுங்கு நடவடிக்கைக்குரியது.

சரியான வழியை அவரே காட்டினார். அரசு மருத்துவமனைகளில் புகார், பாராட்டு, யோசனை மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெட்டி இருக்கும். பக்கத்திலேயே படிவமும் இருக்கும். பெட்டிக்குள் விழுவது பெரும்பாலும் புகார்தான். நீங்கள் பாராட்டை எழுதுங்கள். தேதி, வார்டு எண், பகலா இரவா, நோயாளியின் பெயர், கோப்பு எண், ஊழியரின் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் உள்ளபடி பெயர். கோப்பு எண்ணை டிஸ்சார்ஜ் தாளிலிருந்து எடுக்கலாம். பெயரை அங்கே இருக்கும்போதே குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

'எல்லாரும் மிக அன்பாக நடந்துகொண்டார்கள்' என்று எழுதாதீர்கள். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. ஒரு காரியத்தை எழுதுங்கள். நான் நாற்காலியையும் நெற்றியையும் மட்டும் எழுதினேன். ஒரு பிரதியைப் பெட்டியில் போட்டேன், இன்னொன்றை மருத்துவமனைத் தலைமை நிர்வாகியின் அலுவலகத்தில் கொடுத்தேன். வீடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் கொடுப்பது நல்லது. ஊழியர்களை வார்டு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாதம் கழித்து மகனைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது, வார்டு அறிவிப்புப் பலகையில் என் கோணல் கையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் ஊசி.

போக்குவரத்து அதிகாரி கதையையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நின்றோம். ஒரு அதிகாரி வண்டியை நிறுத்தி, கூம்புகளை வைத்து, டயர் மாற்றும்வரை வெயிலில் நின்றார். நான் மனம் நெகிழ்ந்து, "உங்களுக்கு ஒரு கூல் டிரிங்க் வாங்கித் தரட்டுமா?" என்றேன். அவர் முகம் இறுகியது. என் கணவர் என் காலை மிதித்தார். இந்த நாட்டில் அதிகாரியிடம் கூல் டிரிங்க் என்று சொன்னால் லஞ்சம் என்று பொருள். நிஜமாகவே ஆரஞ்சு ஜூஸைத்தான் நினைத்தேன் என்பதை விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் அவர் சிரித்துவிட்டார். எல்லாருக்கும் அந்தச் சிரிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'ங்கியாபோங்கா, பாபா' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. ஐஸ்கிரீம் டப்பாவின் சட்டங்கள்

இங்கே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உணவு பயணம் செய்யும் வாகனம் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. மேலே வெனிலா என்று எழுதியிருக்கும், உள்ளே பீன்ஸ் கறி இருக்கும். காலி டப்பா தானே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்கு உரிமையாளர் உண்டு.

ஐந்நூறு ராண்ட் உறைக்குப் பிறகு ஆன்ட்டி எங்களோடு மறுபடி பேசியது எப்படி என்றால், ஐந்தாம் நாள் சுவரின்மேல் எட்டிப் பார்த்து, "மகளே, என் டப்பா எங்கே?" என்று கேட்டார். கழுவி எடுத்து வந்தேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "வெறும் டப்பாவையா திருப்பிக் கொடுப்பாய்? உன் அம்மா சொல்லித் தரவில்லையா?" சொல்லித் தந்திருந்தார். கடல் தாண்டியதில் மறந்துபோயிருந்தது. உள்ளே போய்க் காலையில் அவித்த இட்லி ஆறும் கொஞ்சம் மிளகாய்ப் பொடியும் வைத்துக் கொடுத்தேன். ஒரு மாதத் தண்ணீருக்கு நன்றியாக அந்த ஆறு இட்லியை வாங்கிக்கொண்டார்.

எதை யாருக்கு என்று பார்த்துக் கொடுங்கள். முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு வீட்டில் செய்த சைவப் பலகாரம் என்றால் சிக்கலில்லை. இறைச்சி என்றால் ஹலால் கடையில் வாங்கியதா என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். புரட்டாசியில், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, இங்குள்ள தமிழ், தெலுங்குக் குடும்பங்களில் பலர் அசைவத்தைத் தொடுவதில்லை. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களும் அப்படியே. கேக்கில் முட்டை இருந்தால் சொல்லுங்கள்.

தீபாவளிதான் பெரிய வாய்ப்பு. தட்டில் பலகாரம் வைத்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும், மதம் பாராமல் கொடுப்பார்கள். ஒரு வாரம் முன்பே பட்டியல் போடுங்கள். நோட்டைப் புரட்டினால் பட்டியல் தானே வரும். நாங்கள் பத்து வீட்டுக்குச் செய்தோம். அதிரசம் உடைந்துபோகிறது என்றால் முறுக்குக்குத் தாவிவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். பட்டாசு வெடிப்பதானால் நகராட்சி விதியைப் பார்த்துக்கொண்டு, நாய் வளர்க்கும் வீடுகளுக்கு இரண்டு நாள் முன்பே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பலகாரத் தட்டைவிட அந்த ஒரு வார்த்தைக்கு அதிக நன்றி கிடைத்த வீடு எங்கள் தெருவில் உண்டு.

ஆடி மாதம் மாரியம்மன் கோவில்களில் கஞ்சி ஊற்றுவார்கள். பணமாகக் கொடுப்பதைவிட, காலை நாலரைக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்தக் கோவிலில் நீங்கள் புதியவர் இல்லை.

8. யாருக்கென்று தெரியாத நன்றி

நோட்டில் சிலவற்றுக்கு எதிரே பெயர் இருக்காது. அவற்றுக்கு நான் இரண்டு வழிகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, ரத்தம். தேசிய ரத்தச் சேவையில் 16 முதல் 75 வயது வரை, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர்கள் கொடுக்கலாம். 56 நாளுக்கு ஒருமுறை. அடையாளச் சான்று கொண்டுபோங்கள். போவதற்கு நான்கு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். சஷ்டி விரதத்தோடு போய் நிற்காதீர்கள். அண்மையில் எந்தெந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்று கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள். போக, வர, பிஸ்கெட் தின்ன, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

இரண்டு, ஜூலை 18, மண்டேலா நாள். அவர் 67 ஆண்டுகள் பொதுவாழ்வில் உழைத்ததற்கு ஈடாக 67 நிமிடம் பிறருக்காகச் செலவிடுவது வழக்கம். அன்றைக்கு எல்லா அலுவலகங்களும் ஒரே வண்ணச் சட்டையில் பிள்ளைகள் இல்லங்களுக்குப் போய்ச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும். ஆகஸ்டில் அதே இல்லத்தில் கால் வைக்க ஆள் இருக்காது. ஜூலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஆகஸ்டில் என்ன தேவை?" என்று கேளுங்கள். எங்களிடம் கேட்டது டயப்பரும் பல் துலக்கும் பேஸ்டும். பிள்ளைகளோடு தொடர்ந்து நேரம் செலவிடப் போகிறீர்கள் என்றால் போலீஸ் நற்சான்றும், குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதற்கான 30ஆம் படிவமும் கேட்பார்கள். போலீஸ் சான்றுக்குக் காவல் நிலையத்தில் கைரேகை எடுக்க வேண்டும்; எனக்கு இருநூறு ராண்டுக்குள் முடிந்தது, கைக்கு வர வாரங்கள் ஆயின. ஆகவே மே மாதமே தொடங்குங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

9. வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள்

இது எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. யாராவது நமக்கு நன்றி சொன்னால், "அய்யோ, இதெல்லாம் எதற்கு?" என்று மூன்று முறை தள்ளிவிட்டு நான்காவது முறை வாங்குவது நம் வழக்கம். இங்கே முதல் முறை தள்ளினாலே நிஜமாக வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாராவது நன்றி என்றால் 'ப்ளெஷர்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

போன மாதம், எங்கள் வீட்டு வேலைக்கு வருபவர் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அமடும்பே கொண்டுவந்தார். மண் போகாத கிழங்குகள், அவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்தவை. வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். "இதற்கு எவ்வளவு?" என்று கேட்க என் வாய் திறந்தது. அவர் பையை இரண்டு கைகளாலும் நீட்டியபடி நின்றிருந்தார். வாயை மூடிக்கொண்டு நானும் இரண்டு கைகளாலும் வாங்கினேன். வேகவைத்துத் தோலுரித்து, மிளகாய்த்தூளும் சோம்பும் போட்டு மொறுமொறுவென்று வறுத்து, அவர் கிளம்பும்போது பாதியை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

அவசரத்தில் எடுத்த டப்பா ஆன்ட்டியுடையது. அது இப்போது ஹம்பனாத்தியில், வேலைக்கு வருபவரின் வீட்டில் இருக்கிறது. நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆன்ட்டி இரண்டு முறை கேட்டுவிட்டார்.